சுருள்வில்லைச் சுடாதீர்கள்: எஃகுக்குள் வெப்பம் செய்யும் வேலை

காரை 'இறக்கி' ஓட்டுவதில் நம் இளைஞர்கள் பலருக்கு ஆசை உண்டு. முறையாகச் செய்ய வேண்டுமானால் குட்டையான சுருள்வில் வாங்கி மாட்ட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். எனவே சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள். வண்டியில் இருக்கும் சுருள்வில்லைக் கேஸ் நெருப்பால் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். வண்டியின் எடையே வில்லை அமுக்கிவிடுகிறது. பத்து நிமிடத்தில் வண்டி இரண்டு அங்குலம் இறங்கிவிடும். செலவும் இல்லை.

நான் தொழிற்கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். உலு யாம், பத்தாங் காலி, ரவாங் பக்கமிருந்து வரும் மாணவர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். ஒரு மாணவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. "சார், வில் உடையவில்லை, உருகவில்லை, ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதே இரும்புதானே இருக்கிறது? அப்புறம் என்ன கெட்டுப் போச்சு?"

நல்ல கேள்வி. எடை மாறவில்லை, வேதியியல் கலவையும் மாறவில்லை. ஆனாலும் அந்த வில் இப்போது வேறு பொருள். இது எப்படி என்று புரிந்துகொண்டால், படிவம் 4 வேதியியல் நூலில் 'அலோய்' என்ற தலைப்பில் ஓரிரு பக்கங்களில் படித்த செய்திக்கு உயிர் வந்துவிடும்.

ஒரே கம்பி, மூன்று பலம்

பொறியியல் துறையில் பெரிதும் பயன்படும் கலப்பு எஃகு ஒன்றின் எண் 4140. இதில் சுமார் 0.4 விழுக்காடு கரிமம், 1 விழுக்காட்டை ஒட்டிய குரோமியம், சிறிதளவு மாங்கனீசு, மொலிப்டினம் ஆகியவை உள்ளன. வண்டி அச்சு, பற்சக்கரம், கனமான போல்ட் போன்றவை இதில் செய்யப்படுகின்றன.

இந்த எஃகில் ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் கனமும் உள்ள மூன்று கம்பிகளை எடுத்துக்கொள்வோம். முதல் கம்பியைச் சூடாக்கி, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிடுகிறோம். அதை இழுத்து அறுக்கச் சுமார் 6.7 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். இரண்டாம் கம்பியை 845 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, எண்ணெயில் முக்கி, பிறகு சுமார் 200 பாகையில் மறுபடி சூடுகாட்டுகிறோம். இப்போது அதே கம்பி 18 டன் வரை தாங்கும். மூன்றாம் கம்பியையும் எண்ணெயில் முக்குகிறோம். ஆனால் மறுசூட்டை 650 பாகைக்கு ஏற்றிவிடுகிறோம். தாங்கும் திறன் 8 டன்னுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பலம் கூடக்கூட வளைந்து கொடுக்கும் குணம் குறையும். முதல் கம்பி அறுவதற்கு முன் தன் நீளத்தில் 25 விழுக்காடு வரை நீளும். 18 டன் தாங்கும் கம்பியோ 8 விழுக்காடு மட்டுமே நீளும். மூன்றாவது 22 விழுக்காடு நீளும். எது சிறந்தது என்று கேட்டால் விடை கிடையாது. எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். வெப்பப் பதனிடல் என்ற துறை முழுவதும் இந்த ஒரு பேரத்தைப் பற்றியதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

அறை வெப்பத்தில் இரும்பு அணுக்கள் கனசதுர வடிவில் அடுக்கப்பட்டுள்ளன. எட்டு மூலையிலும் எட்டு அணுக்கள், நடுவில் ஓர் அணு. இந்த அடுக்குக்குப் பெர்ரைட் என்று பெயர். இதன் இடைவெளிகள் மிகவும் குறுகியவை. கரிம அணு நுழைய இடமே இல்லை என்று சொல்லலாம், அதிகபட்சமே 0.02 விழுக்காடுதான் கரையும். மீதிக் கரிமம் இரும்போடு சேர்ந்து சிமெண்டைட் என்ற கடினமான சேர்மமாக ஒதுங்கிக்கொள்ளும். பெர்ரைட்டும் சிமெண்டைட்டும் தாள் தாளாக மாறி மாறி அடுங்கியிருப்பதைப் பெர்லைட் என்பார்கள். நுண்ணோக்கியில் சிப்பியின் உட்புறம்போல மினுங்குவதால் வந்த பெயர் அது.

சூடாக்கும்போது 727 பாகையில் இந்த வீடு கலையத் தொடங்குகிறது. அணுக்கள் வேறு அடுக்குக்கு மாறுகின்றன: மூலைகளிலும், ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு. இதற்கு ஆஸ்டெனைட் என்று பெயர். இதில் அணுக்கள் முன்பைவிட நெருக்கமாகவே இருக்கின்றன. ஆனால் இடைவெளிகள் சிதறிக் கிடக்காமல், குறைவாகவும் பெரியனவாகவும் இருக்கின்றன. ஆகவே இதில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேலேயே கரிமம் கரையும். பெர்ரைட்டோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு.

இப்போது அந்தச் சிவந்த எஃகை மெதுவாக ஆறவிட்டால், கரிமம் நிதானமாக வெளியேறி மறுபடியும் பெர்லைட் உருவாகும். எஃகு மென்மையாக இருக்கும். சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ முக்கினால் கரிமத்துக்கு வெளியேற நேரம் இருக்காது. இரும்பு அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன. உள்ளே கரிமம் மாட்டிக்கொண்டிருக்கிறது. கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு, திரிந்து, இறுகிப் போகிறது. இந்தத் திரிந்த அடுக்குக்கு ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் மார்டென்ஸ் நினைவாக மார்டென்சைட் என்று பெயரிட்டார்கள். எஃகுக்குள் உருவாகும் பொருள்களில் மிகக் கடினமான ஒன்று இது. ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும்.

மார்டென்சைட் உருவாகும்போது எஃகின் கன அளவு சற்று விரிகிறது. வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பின்னால் விரிவதால் சில சமயம் பொருள் 'டிக்' என்ற ஓசையோடு வெடித்துவிடும். பட்டறையில் அந்த ஓசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதனால்தான் மறுசூடு தேவைப்படுகிறது. கடினமாக்கிய எஃகை 150 முதல் 650 பாகைக்குள் ஏதோ ஒரு வெப்பநிலைக்கு ஏற்றினால், சிக்கிய கரிமத்தில் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள்களாக வெளியே வரும். இறுக்கம் தளரும், நொறுங்கும் குணம் குறையும். இதுவே பதமாக்கல். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில்தான் கத்தியா, வில்லா, அச்சா என்பது முடிவாகிறது.

குரோமியம் எதற்கு?

கரிமம் மட்டுமே உள்ள எஃகுக்கு ஒரு குறை உண்டு. பெர்லைட் ஓரிரு நொடியில் உருவாகிவிடும். மெல்லிய தகடு என்றால் அதற்குள் குளிர்வித்துவிடலாம். கை மொத்தத்தில் ஓர் அச்சு என்றால் நடுப்பகுதி அவ்வளவு வேகமாகக் குளிராது. மேல்தோல் மட்டும் கடினமாகும்.

குரோமியம், மாங்கனீசு, மொலிப்டினம், நிக்கல் போன்றவற்றைச் சேர்த்தால், அணுக்கள் இடம் மாறும் வேகம் குறைகிறது. பெர்லைட் தாமதமாகிறது. மெதுவாகக் குளிர்வித்தாலும் உட்புறம்வரை மார்டென்சைட் கிடைக்கிறது. நீருக்குப் பதில் எண்ணெய் போதும், வெடிப்பும் குறையும். இந்தக் குணத்தை அளக்கும் எளிய சோதனைக்கு ஜோமினி சோதனை என்று பெயர். 25 மில்லிமீட்டர் தடிமனும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிவந்த கம்பியின் ஒரு முனையில் மட்டும் நீரைப் பாய்ச்சுவார்கள். ஆறிய பிறகு, முனையிலிருந்து எவ்வளவு தூரம்வரை கடினம் போயிருக்கிறது என்று அளப்பார்கள். இன்றும் இது பொறியியல் மாணவர்களின் ஆய்வுக்கூடப் பாடமாக இருக்கிறது.

கலக்கும் பொருள் மாறினால் விதியே தலைகீழாகவும் மாறலாம். 1882-இல் ஆங்கிலேயர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு 12 விழுக்காட்டை ஒட்டி மாங்கனீசு சேர்த்த எஃகைக் கண்டுபிடித்தார். அதைச் சிவக்கக் காய்ச்சி நீரில் முக்கினால் நொறுங்காது. மாறாக, உறுதியும் நெகிழ்வும் பெறும். ஆஸ்டெனைட் அறை வெப்பத்திலும் அப்படியே நின்றுவிடுவதுதான் காரணம். அடி வாங்க வாங்க அதன் மேற்பரப்பு இறுகும். கல் உடைக்கும் இயந்திரங்களின் தாடைகளிலும், ரயில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடங்களிலும் இந்த எஃகைத்தான் வைக்கிறார்கள்.

தோட்டத்துப் பட்டறை

இந்த அறிவு எல்லாம் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். என் பெரியப்பா உலு யாம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக வேலை செய்தவர். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில், ஓய்வு நேரத்தில் பாராங் கத்தியும் குலை அறுக்கும் அரிவாளும் அடித்துக் கொடுப்பார். அவருக்குப் பிடித்த இரும்பு பழைய லோரியின் பட்டை வில். "கடையில வாங்குற கம்பி வேற, லோரி பட்டை வேற. இதுல சத்து இருக்குய்யா" என்பார்.

அந்தச் 'சத்து' என்ன என்று பின்னாளில் தரப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். லோரி வில்லுக்கு வழக்கமாகப் பயன்படும் ஜப்பானியத் தரமான எஸ்.யு.பி.9 எஃகில் சுமார் 0.55 விழுக்காடு கரிமமும், ஏறக்குறைய 0.8 விழுக்காடு வீதம் குரோமியமும் மாங்கனீசும் உள்ளன. அது ஒரு தரமான கலப்பு எஃகு.

அவர் செய்த ஒவ்வொரு படிக்கும் அறிவியல் காரணம் உண்டு. அடித்து வடிவமாக்கிய கத்தியை முதலில் சாம்பலில் புதைத்து ஒரு இரவு ஆறவிடுவார். அடித்ததால் ஏற்பட்ட உள் இறுக்கம் நீங்க இது உதவும். நூல்கள் இதை அனீலிங் என்கின்றன. மறுநாள் வெட்டும் பக்கத்தை மட்டும் உலையில் காட்டுவார். நிறம் பார்ப்பதோடு நிற்காமல், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டிக் கொண்டுபோய்த் தொடுவார். காந்தம் ஒட்டாவிட்டால் பதம் வந்துவிட்டது என்று பொருள். இரும்பு சுமார் 770 பாகையில் காந்தக் கவர்ச்சியை இழக்கும். ஆஸ்டெனைட்டும் காந்தத்தில் ஒட்டாது. பட்டறையில் வெப்பமானி கிடையாது. காந்தமே வெப்பமானி.

பிறகு தோய்ச்சல். வெட்டும் ஓரத்தை எண்ணெயில் முக்குவார். முதுகுப் பக்கம் சூடாகவே இருக்கும். உடனே அரத்தால் ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். முதுகில் மிஞ்சிய சூடு மெல்ல ஓரத்துக்கு வரும். அங்கே நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், அது சுமார் 220 பாகை. பிறகு பழுப்பு, 255. அதன் பின் கத்தரிப்பூ நிறம், 280. கடைசியில் நீலம், 300. மேற்பரப்பில் படியும் ஆக்சைடு படலத்தின் தடிமன் கூடக்கூட ஒளியில் தெரியும் நிறம் மாறுகிறது. சோப்புக் குமிழியில் தெரியும் நிறங்களுக்கும் இதுவே காரணம். பாராங் என்றால் பழுப்பு கடந்து கத்தரிப்பூ எட்டிப் பார்க்கும்போது ஒரே முக்கு. நிறம் அங்கேயே நின்றுவிடும். கூர் நிற்கும் ஓரமும், அடி தாங்கும் முதுகும் ஒரே கத்தியில் அமைந்துவிடும்.

கொடுமணலிலிருந்து ஃபாரடே வரை

இந்தக் கைத்திறனுக்கு நம் மரபில் நீண்ட வேர் உண்டு. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகளின் எச்சங்கள் வெளிவந்தன. தமிழகத்தின் மேல்சிறுவலூரில் கிடைத்த பழைய மூசைத் துண்டுகளை ஆராய்ந்த உலோகவியலாளர் சாரதா ஸ்ரீனிவாசன், அங்கே கரிமம் மிகுந்த எஃகு உருக்கப்பட்டதைக் காட்டினார். மண் மூசையில் இரும்பையும் தாவரப் பொருள்களையும் இட்டு, மூடி, உலையில் வைத்துச் செய்த இந்த எஃகையே ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள்.

1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சங்கத்தில் வூட்ஸ் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அதன் பின் அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே ஃபாரடேதான். அவர் கொல்லரின் மகன். கத்தி செய்யும் தொழிலில் இருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டுடன் சேர்ந்து, 1820-இல் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் போன்றவற்றைக் கலந்து பார்த்த சோதனைகளை வெளியிட்டார். கலப்பு எஃகு பற்றிய முறையான ஆய்வுகளில் முன்னோடியானவற்றுள் இதுவும் ஒன்று. நம் நாட்டு எஃகின் புதிரை அவிழ்க்கப் போய்ப் பிறந்த ஆய்வு அது.

வூட்ஸைக் கையாள்வதில் ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் திணறினார்கள். காரணம் சூடு. 1.5 விழுக்காட்டை ஒட்டிய கரிமம் உள்ள அந்த எஃகைத் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்தால் நொறுங்கியது. குறைந்த சூட்டில், பொறுமையாக, பலமுறை காய்ச்சி அடிக்க வேண்டும். 1998-இல் ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும், ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டமாஸ்கஸ் வாள்களின் அலை அலையான கோலத்துக்கு, தாதுவிலிருந்து வந்த மிக நுண்ணிய அளவு வனேடியமும், திரும்பத் திரும்பச் செய்த சூட்டு முறையும் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். பேராசிரியரும் கொல்லரும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டிருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பதம் தவறினால்

எங்கள் லயத்தில் குலை அறுக்கும் வேலை செய்த ஓர் அண்ணன் இருந்தார். கழன்ற கோடரியை இறுக்க, ஒரு சுத்தியலின் மேல் இன்னொரு சுத்தியலால் அடித்தார். சுத்தியலின் முகம் கடினமாக்கப்பட்ட எஃகு. இரண்டு கடின முகங்கள் மோதியபோது ஒரு சில்லு தெறித்து வலக்கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. பிள்ளைகள் மூவரும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். உயரமான மரத்தில் குலையைக் குறி பார்த்து அறுக்க இரண்டு கண்ணும் வேண்டும் அல்லவா? அவர் புல் வெட்டும் வேலைக்கு மாறினார், வருமானம் குறைந்தது. கடினம் என்றால் பலம் என்று நாம் பேச்சுவழக்கில் கலந்து பேசுகிறோம். அந்தக் குழப்பத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். தொழிற்சாலையில் கார்ச் சுருள்வில்லைக் கடினமாக்கிய பிறகு, ஏறக்குறைய 400 பாகையை ஒட்டிப் பதமாக்குகிறார்கள். லட்சக்கணக்கான முறை அமுங்கி எழும் குணம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கேஸ் நெருப்பில் எஃகு சிவக்கும்போது அது 600, 700 பாகையைத் தாண்டிவிடுகிறது. பட்ட இடத்தில் பதம் போய்விட்டது. அங்கே வில் தளர்ந்துகொண்டே போகும். சூட்டைத் தணிக்க நீரை ஊற்றினாலோ இன்னும் மோசம். அந்த இடத்தில் பதமாக்காத மார்டென்சைட் உருவாகி, மயிரிழை வெடிப்புக்கு வாசல் திறந்துவிடும். அது மறுநாளே உடைய வேண்டும் என்பதில்லை. ஆறு மாதம் கழித்து, மழையில், ஜாலான் உலு யாமின் வளைவு ஒன்றில் உடையலாம்.

போல்ட்டுக்கும் இதே கதைதான். போல்ட் தலையில் 10.9 என்று பொறித்திருந்தால், அது 1,000 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும், அதில் 90 விழுக்காடுவரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். அந்த வலிமை வெப்பப் பதனிடலில் வந்தது. அனைத்துலகத் தர விதிப்படி 8.8, 10.9 வகை போல்ட்டுகளைக் குறைந்தது 425 பாகையில் பதமாக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை நெருப்பால் சிவக்கச் சுட்டுக் கழற்றினால், அதைத் திரும்பப் போடக் கூடாது. புதியது வாங்குங்கள். கத்தியைத் தீட்டும் சக்கரத்தில் ஓரம் நீலமாகிவிட்டாலும் இதே விதி: அங்கே சூடு 300 பாகையைத் தொட்டுவிட்டது, நீல நிறம் போகும்வரை தேய்த்து நீக்காவிட்டால் அந்த இடத்தில் கூர் நிற்காது.

படிக்க வழி

நம் வட்டாரத்தில் சுங்கை சோவில் பெரோடுவா ஆலையும், சற்று வடக்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலையும் இருக்கின்றன. கார் உற்பத்தியைச் சுற்றியுள்ள தொழில்களில் எஃகைத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. கைத்தொழிலில் நாட்டம் உள்ளவர்கள் மலேசியத் திறன் சான்றிதழில் முதல் நிலையில் தொடங்கி, நான்கு, ஐந்தாம் நிலைகளில் டிப்ளோமாவரை ஏறலாம். வட சிலாங்கூரில் சபாக் பெர்ணமில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. பல்கலைக்கழகம் போக விரும்புவோருக்கு, நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் பொருள்சார் பொறியியலுக்கென்றே தனிப் பள்ளி உண்டு. எந்த வழியில் போனாலும் வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் உடனிருக்க, கண்ணாடிக் கவசம் அணிந்துதான் செய்ய வேண்டும். மூன்று தையல் ஊசிகளை இடுக்கியால் பிடித்து, பன்சன் சுடரில் செஞ்சூடு வரும்வரை காய்ச்சுங்கள். முதல் ஊசியைச் சுடரிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆறவிடுங்கள். மற்ற இரண்டையும் உடனே நீரில் போடுங்கள். நீரில் போட்டவற்றில் ஒன்றை மட்டும் மணல் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்கு மேலே தள்ளிப் பிடித்து, நீல நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டுங்கள்.

ஆறிய பின் மூன்றையும் இடுக்கியால் வளைத்துப் பாருங்கள். ஒன்று மடங்கும். ஒன்று ஒடியும். ஒன்று வளைந்து நிமிரும். மூன்றையும் ஒரு தாளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே எப்படிச் சூடாக்கினீர்கள், எப்படி ஆற்றினீர்கள், உள்ளே எந்த அடுக்கு உருவாகியிருக்கும் என்று மூன்று வரி எழுதுங்கள். வண்டியின் வில்லைச் சுட வரும் நண்பரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.